இடது சுவர் சொன்ன மைனஸ்

மார்ச் 3, செவ்வாய்

மருமகளுக்கு,

நலமா என்று நீயும் கேட்டு எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு பேரும் நன்றாகத்தான் இருப்போம். வாலு எப்படி இருக்கிறாள்? என் பேத்தி மூன்றாம் வகுப்பில் முதலாவதாக வந்ததை இங்கே காய் நறுக்குகிற பெண்களுக்கெல்லாம் சொன்னேன். மறந்திருப்பார்கள் என்று மறுநாளும் சொன்னேன்.

"இந்த அடுப்படியில் ரெண்டு பேருக்கு இடமில்ல அத்தை" என்று சொன்னாய் அல்லவா, இங்கே சுரங்கத்து ஆட்கள் அத்தனை பேருக்கும் பொங்குகிற கேன்டீன் அடுப்பு எனக்கே எனக்கு. கோபித்துக்கொண்டு வந்துவிட்டேன் என்று நினைக்காதே. கோபம்தான், ஆனாலும் அதற்காக வரவில்லை. வேலையை விடு என்று நீ கத்த, என் மகனுக்குச் சொல்ல நீ யார் என்று நான் கத்த, இருவருக்கும் பதில் சொல்லாமல் அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு லாரி ஏறினான். ஒழுங்காகச் சாப்பிடுவானா என்றுதான் பின்னாலேயே வந்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

நேற்று பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டான். "என்னடா?" என்றேன். "ஒண்ணுமில்லம்மா, பாறை பேசுது" என்றான். "பாறை எங்கேயாவது பேசுமா?" "பேசும். டக்குனு ஒரு சத்தம். அப்புறம் கம்முனு இருக்கும்." சிரித்துக்கொண்டுதான் சொன்னான். வாய் சிரித்தது, கை சிரிக்கவில்லை. தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தது.

சுரங்கத்தின் சுவர் நகர்கிறதா இல்லையா என்று கம்ப்யூட்டரில் பார்க்கிற வேலை உன் கம்பெனிக்குத்தான் என்று இங்கே சொல்கிறார்கள். நான் ஐந்தாவதோடு நின்றவள், அதெல்லாம் புரியாது. ஒன்றே ஒன்று சொல். சுவர் அசைகிறதா, இல்லையா? ஒரு வார்த்தையில் எழுது, கதை வேண்டாம்.

மலைக்குள் போன் எடுக்காது. சைட் ஆபீசில் ஒன்று இருக்கிறது, அதைக் கிளார்க் தன் சொந்தச் சொத்து மாதிரி காவல் காக்கிறான். செவ்வாயும் வெள்ளியும் காய்கறி லாரி விடியும்போது வரும், மதியம் திரும்பும். லாரிக்காரரிடம் கொடுத்தால் என் கைக்கு வந்துவிடும்.

அத்தை.

மார்ச் 5, வியாழன்

அத்தைக்கு,

ஒரு வார்த்தை கேட்டீர்கள். அசையவில்லை.

கதை வேண்டாம் என்றாலும் கொஞ்சம் எழுதுகிறேன், இல்லாவிட்டால் உங்களுக்குத் தூக்கம் வராது. சுரங்கத்தின் இரண்டு சுவரிலும் கருவிகள் பதித்திருக்கிறார்கள். ஒவ்வொரு கருவியும் தன் எண், நேரம், சுவர் எவ்வளவு நகர்ந்தது என்ற அளவு, இந்த மூன்றையும் பைட் என்கிற சின்னத் துண்டுகளாக அனுப்பும். அதில் எழுத்து இருக்காது, கமா இருக்காது, நடுவில் இடம்கூட இருக்காது. முதல் இரண்டு பைட் கருவியின் எண், அடுத்த நான்கு நேரம், கடைசி இரண்டு நகர்வு. ஒரு பைட் தள்ளிப் பிரித்தால் எல்லாம் குப்பை. அதைப் பிரித்துப் படிக்கிற நிரலை எழுதியது நான். படித்ததைத் திரும்ப அதே வடிவில் எழுதி வைக்கிற நிரலும் என்னுடையதுதான்.

நாங்கள் எழுதுவது ஃபங்ஷனல் என்கிற வகை மொழியில். ஒரு பெயருக்கு ஒரு மதிப்பைக் கொடுத்துவிட்டால் பிறகு யாராலும் மாற்ற முடியாது. ஒன்றையே நூறு தடவை உள்ளே போட்டாலும் ஒரே விடைதான் வெளியே வரும். காலையில் ஒன்று சொல்லி மாலையில் ஒன்று சொல்லாது. உங்கள் மகனை இந்த மொழியில் பெற்றிருக்கலாம்.

சரிபார்க்காமலும் விடவில்லை. கம்ப்யூட்டரே இஷ்டத்துக்கு எண்களை உண்டாக்கும். அவற்றை என் நிரல் எழுதும், என் நிரலே திரும்பப் படிக்கும். போட்டதும் எடுத்ததும் ஒன்றா என்று பார்க்கும். ஆயிரக்கணக்கில் ஓட்டினேன், ஒன்றுகூடத் தவறவில்லை. எல்லாம் பச்சை விளக்கு. திரையில் இரண்டு சுவரின் நகர்வுக் கோடும் ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேராகப் போகிறது.

இந்த வேலை தானாக என் மேசைக்கு வரவில்லை. அவர் போகிற சுரங்கம் என்று தெரிந்துதான் கேட்டு வாங்கினேன். அதை அவரிடம் சொல்ல வேண்டாம்.

வாலு நன்றாகப் படிக்கிறாள். முன்பல் ஒன்று விழுந்துவிட்டது. உங்களிடம் காட்ட வேண்டுமாம், தாளில் மடித்து வைத்திருக்கிறாள்.

நான்.

மார்ச் 6, வெள்ளி

மருமகளுக்கு,

சொல்ல வேண்டாம் என்றாய், சொல்லிவிட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு வராது. "அவளா பாக்குறா?" என்றான். அவ்வளவுதான். ஆனால் சோற்றை இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டான். எனக்கும் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கிய மாதிரி இருந்தது.

இருந்தாலும் உன் கம்பெனியைப் பற்றி இங்கே நல்ல பேர் இல்லை, அதையும் தெரிந்துகொள். சுவர்க் கருவிகளைப் பார்த்துக்கொள்கிற மெக்கானிக் ஒருவன் இருக்கிறான், ஒல்லிக்குச்சி, எல்லோரும் கம்பி என்றுதான் கூப்பிடுவார்கள். இன்று டீ குடிக்க வந்து ஒரே புலம்பல்.

"பெரியம்மா, உங்க மருமக கம்பெனி என்னைச் சாகடிக்குது."

"ஏன்ப்பா, என்ன பண்ணாங்க?"

"பழுது, பழுது, பழுது! வளைவுல இடது பக்கச் சுவர்ல இருக்குற கருவி பழுதுன்னு பேப்பர் வருது. போய்ப் பாத்தா நல்லாத்தான் இருக்கு. சரி தொலையுதுன்னு கழட்டிட்டுப் புதுசு மாட்டினேன். மறுநாளே அதுவும் பழுதாம்! உறையை இப்பத்தான் பெரியம்மா பிரிச்சேன்!"

"வலது பக்கம்?"

"அங்க ஒண்ணும் இல்ல. அவங்களுக்கு இடது சுவரு பிடிக்கல போல."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். நீ வீட்டிலும் அப்படித்தானே, நல்ல தக்காளியாகப் பார்த்துச் சொத்தை என்று எறிவாய். அந்தப் பையன் சும்மா ஏறி இறங்கிக் கால் வலிக்கிறது என்கிறான். உன் மேலாளரிடம் சொல்லி இந்தப் பேப்பரை நிறுத்து.

பல்லைப் பத்திரமாக வைக்கச் சொல்.

அத்தை.

மார்ச் 9, திங்கள்

அத்தை,

முதலில் இதைப் படியுங்கள். இது கைக்கு வந்த நிமிஷத்திலிருந்து அவரைச் சுரங்கத்துக்குள் போகவிடாதீர்கள். யாரையுமே விடாதீர்கள், முடிந்தால்.

கம்பி சொன்னதைப் படித்ததும் சிரிக்கத்தான் ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். உறை பிரித்த புதுக் கருவி மறுநாளே பழுதாகாது. அதுவும் ஒரே சுவரில், ஒரே இடத்தில்.

என்ன நடந்தது என்று உங்களுக்குப் புரியும்படி எழுதப் பார்க்கிறேன். பழைய வண்டியில் கிலோமீட்டர் காட்டுகிற உருளை இருக்குமே, எல்லாம் சைபராக இருக்கும்போது அதை ஒன்று பின்னால் சுற்றினால் என்ன வரும்? எல்லாம் ஒன்பது. கருவியும் அப்படித்தான் எழுதுகிறது. சுவர் மலைப் பக்கம் நகர்ந்தால் சின்ன எண். ஆட்கள் நிற்கிற பக்கமாக, உள்ளே நகர்ந்தால் மைனஸ். மைனஸை அது பின்னால் சுற்றிய உருளை மாதிரி மிகப் பெரிய எண்ணாகத்தான் அனுப்பும். படிக்கிறவள் இது மைனஸ் என்று தெரிந்து படிக்க வேண்டும். நகர்வு என்ற இடத்தில் நான் 'குறி இல்லாத எண்' என்று எழுதிவிட்டேன். ஒரே ஒரு சொல், அத்தை.

அதோடு போகவில்லை. அவ்வளவு பெரிய எண் வந்தால், எந்தச் சுவரும் இவ்வளவு நகராது, கருவி பழுது என்று ஒதுக்கிவிடச் சொல்லியும் நானேதான் எழுதினேன். ஒதுக்கிவிட்டால் கோடு பழைய அளவிலேயே போகும், நேராக. அந்த நேர்கோட்டைப் பார்த்துத்தான் உங்களுக்கு அசையவில்லை என்று எழுதினேன்.

சோதனையில் ஏன் மாட்டவில்லை என்றால், எழுதுவதும் நான், படிப்பதும் நான், இரண்டிலும் ஒரே தப்பு. நானே பரீட்சை எழுதி நானே திருத்தி நூற்றுக்கு நூறு போட்டுக்கொண்டேன்.

சனி, ஞாயிறு முழுக்கத் தேடி, இன்று காலை அந்தச் சொல்லை மாற்றி, ஒதுக்கிய பதிவுகளை எல்லாம் மறுபடி படிக்க வைத்தேன். வலது சுவர் அப்படியே நிற்கிறது. இடது சுவர் வளைவில் உள்ளே வந்துகொண்டிருக்கிறது. தினமும் முந்தின நாளைவிட வேகமாக.

மேலாளரிடம் ஓடினேன். "பழுதுன்னு அனுப்பினதும் நீங்க, இல்லைன்னு சொல்றதும் நீங்கன்னா எப்படிம்மா? ரெண்டு நாள் நல்லா சரிபாத்துட்டு முறையா அனுப்புவோம்" என்கிறார். உங்கள் சைட் ஆபீசுக்குப் போன் போட்டேன். கிளார்க் எடுத்தான்.

"வேலை நேரத்துல வீட்டு விஷயம் பேசக் கூடாது மேடம்."

"வீட்டு விஷயம் இல்லைங்க, சுவர் விஷயம்."

"நீங்க அவரோட சம்சாரம்தானே?"

"ஆமா."

"அப்ப வீட்டு விஷயம்தான்." வைத்துவிட்டான். அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

அவர் நம்ப மாட்டார். வேலையை விட வைக்க நான் போடுகிற புது வழி என்பார். நீங்களும் அப்படி நினைக்கலாம், நினைக்க இடம் கொடுத்தவள்தான் நான். ஆனால் இது அது இல்லை. தப்பு என்னுடையது. முழுக்க என்னுடையது. எப்படியாவது தடுத்துவிடுங்கள்.

மார்ச் 10, செவ்வாய், மதியம்

மருமகளுக்கு,

லாரி கிளம்புவதற்குள் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே.

நீ எழுதினதை விடியும்போது அடுப்பு வெளிச்சத்தில் படித்தேன். மறைக்க மாட்டேன், முதலில் நம்பவில்லை. ஆரம்பித்துவிட்டாள் மறுபடி என்றுதான் நினைத்தேன். பிறகு கடைசியில் 'தப்பு என்னுடையது' என்று ஒரு வரி வந்தது. கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் குழம்பில் உப்பு கூடிப் போனால்கூட உப்புக் கம்பெனியைத் திட்டினவள் நீ. ஏமாற்றுவதற்காகக்கூட அந்த வரியை எழுத மாட்டாய். 

அவனிடம் போனேன். "அவ உன்னையும் கைக்குள்ள போட்டுட்டாளா? நான் நின்னாலும் மத்தவங்க போவாங்கம்மா. அவங்களை அனுப்பிட்டு நான் மட்டும் வெளியில நிக்கவா?" என்றான். ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு நடந்தான்.

சாப்பாட்டு டப்பா கையில் இல்லாதவனை உள்ளே விடக் கூடாது என்று இங்கே ஒரு விதி இருக்கிறது. உள்ளே போனால் சாயங்காலம்தான் வெளியே வர முடியும். பசி மயக்கத்தில் ஒருவன் மெஷின் மேலே விழுந்த பிறகு வந்த விதி அது. டப்பாக்கள் எல்லாம் கட்டி ஸ்டோர் ரூமில் அடுக்கியிருந்தேன். கதவைச் சாத்திப் பூட்டினேன். சாவியை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டேன்.

மேஸ்திரி வந்து குதித்தான். "கிழவிக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சு!"

"ஆமா, பிடிச்சிருச்சு. பைத்தியக்காரி பொங்கினதைத் தின்னாதே, போ."

"சாவியைக் குடு."

"இருக்குற இடம் தெரியும்ல? வந்து எடு பாக்கலாம்."

உன் புருஷன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். இந்தச் சத்தத்தில் டீக்கு வந்த பெரிய இன்ஜினியர் என்னவென்று கேட்டார். உன் கடிதத்தை அப்படியே நீட்டினேன். குடும்பச் சண்டை எல்லாம் அதில் இருக்கிறதே என்று பிறகுதான் தோன்றியது, போகட்டும். நின்றுகொண்டே படித்தார். உருளை என்று எழுதியிருக்கிறாயே, அந்தப் பக்கத்தை மறுபடி படித்தார்.  கம்பியைக் கூப்பிட்டு, இரும்பு அளவுநாடாவை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் மட்டும் உள்ளே போனார்கள்.

அவர்கள் திரும்பி வருகிற வரை நான் மூச்சு விட்டேனா என்று தெரியாது. கம்பியின் முகத்தில் ரத்தம் இல்லை. "பெரியம்மா, அந்தச் சுவர் போல்ட்டுல இருந்து இந்தச் சுவர் போல்ட்டுக்கு நாடா வெறைப்பா நிக்கணும். பழைய அளவுக்குப் பிடிச்சா நடுவுல தொங்குது. சுவரு அவ்வளவு உள்ள வந்துருச்சு" என்றான்.

இரவு ஷிப்ட் ஆட்களை வெளியே கூப்பிட்டுவிட்டார்கள். மெஷினைக்கூட எடுக்க விடவில்லை. இப்போது எல்லோரும் தூரத்தில் நின்று சுரங்க வாயையே பார்க்கிறார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு கல்கூட விழவில்லை. மேஸ்திரி என்னை முறைக்கிறான். விழாவிட்டால் என்னைத் துரத்துவார்கள், உன் வேலை போகும், அவன் உன்னோடு ஜென்மத்துக்கும் பேச மாட்டான். விழுந்தால், இந்த நேரத்துக்கு அவன் எங்கே நின்றிருப்பான் என்று நினைக்கவே மனசு வரவில்லை. எதற்காக வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார்.

மார்ச் 12, வியாழன்

அத்தை,

நீங்கள் எழுதியது கிடைத்தது. அதற்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை. ஆபீசில் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துகிறார்கள். நேற்று மேலாளர் போனில் 'சம்பவம்' என்றார். என்ன சம்பவம் என்று கேட்டேன். ஆட்களுக்கு ஒன்றும் இல்லையாம். யார் சொன்னது என்றால், அப்படித்தான் சொல்கிறார்கள் என்கிறார். யார் சொல்கிறார்கள்?

நிரலைத் திருத்தச் சொன்னார்கள், திருத்திவிட்டேன். படிக்கிற இடத்தில் ஒரு சொல், எழுதுகிற இடத்தில் ஒரு சொல். சோதனையை மறுபடி ஓட்டினேன். பச்சை விளக்கு எரிந்தது. தப்பாக இருந்தபோதும் இதே பச்சைதான், அத்தை. பக்கத்து மேசைக்காரர் கைகொடுத்தார். நான் கையை நீட்டவில்லை.

வாலுவிடம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் நான் தட்டை வைத்துவிட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று என்னிடமே சொல்கிறாள். இருக்கிறார் என்று ஒரு வரி போடுங்கள், வேறு எதுவும் எழுத வேண்டாம்.

மார்ச் 13, வெள்ளி

மருமகளுக்கு,

இருக்கிறான். எல்லோரும் இருக்கிறார்கள்.

லாரி போன அன்றே, பொழுது சாயும் நேரத்தில் விழுந்தது. முதலில் சத்தம் வரவில்லை. காற்றுதான் வந்தது. சுரங்கத்தின் வாயிலிருந்து தூசியும் காற்றும் வந்து என் பாத்திரம் எல்லாம் உருண்டன. அப்புறம்தான் சத்தம். இடது சுவர், அந்த வளைவில், ஒரு வீடு அளவுக்கு. அவர்கள் விட்டுவிட்டு வந்த மெஷின் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியவில்லை.

 மேஸ்திரி என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்து, "டப்பாவைக் குடுங்க பெரியம்மா, பசிக்குது" என்றான். சாவி தேடினால் கிடைக்கவில்லை. இருந்த இடத்திலேயேதான் இருந்தது.

உன் புருஷன் டீ டம்ளரைப் பிடிக்க முடியாமல் கீழே வைத்துவிட்டான். சோற்றை நான்தான் ஊட்டினேன். வயசைச் சொல்லி யாரும் சிரிக்கவில்லை.

இப்போது கேள். பெரிய இன்ஜினியர் சுவரைத் தாங்க இரும்பு வளைவுகள் வைத்துக் கட்டி, மண்ணை அள்ளி, அடுத்த மாதம் ஏழாம் தேதி மறுபடி தொடங்கப் போகிறார். வேண்டாம்டா என்றேன். "அவ இப்பச் சரியாப் படிக்கிறா இல்ல? அவ சரின்னு சொன்னா நான் போறேம்மா" என்கிறான். முன்பு உன்னை நம்பாமல் என்னைப் பயமுறுத்தினான், இப்போது உன்னை நம்பிப் பயமுறுத்துகிறான்.

அவனுக்கு வேண்டாம், எனக்கு மட்டும் சொல். இப்போது சரியா?

அத்தை.

மார்ச் 16, திங்கள்

அத்தைக்கு,

இருக்கிறான் என்ற வரியை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதீர்கள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: தெரியாது.

போன தடவை ஒரே வார்த்தையில் அசையவில்லை என்று எழுதினேன். அதை எழுதும்போது எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. அதுதான் இப்போது பயமாக இருக்கிறது. தப்பைத் திருத்திவிட்டேன், உண்மை. வேறு தப்பு இருந்தால் அதையும் நானே எழுதி, நானே படித்து, சரி என்றுதானே சொல்லிக்கொள்வேன்? இங்கே மேசையில் உட்கார்ந்தபடி எத்தனை ஆயிரம் தடவை ஓட்டினாலும் அது என் குரலை நானே கேட்டுக்கொள்வதுதான். நான் எழுதாத ஒன்றைப் படித்துப் பார்க்க வேண்டும். சுவரில் போய்ப் பார்க்க வேண்டும்.

ஏப்ரல் மூன்றாம் தேதி லாரியில் நான் அங்கே வருகிறேன். லீவு தர மாட்டோம் என்றார்கள். அப்படியென்றால் வேலையை விட்டுவிட்டுப் போகிறேன் என்றேன். தந்துவிட்டார்கள். அதே லாரியில் மதியம் நீங்கள் இறங்கி வந்து வாலுவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அன்று ஒரு நாள் பக்கத்து வீட்டில் இருப்பாள். அடுப்படி முழுக்க உங்களுக்குத்தான், நான் வைத்த இடத்திலேயே எதையும் வைக்க வேண்டியதில்லை.

நான் வருகிற வரை அவர் என்ன சொன்னாலும் காதில் வாங்காதீர்கள்.

நான்.

ஏப்ரல் 6, திங்கள்

மருமகளுக்கு,

உன் வீட்டிலிருந்து உனக்கே எழுதுகிறேன். மிளகாய்த் தூளை யாராவது ஃபிரிட்ஜில் வைப்பார்களா? இடம் மாற்றிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை லாரி தாமதமாகி மதியம்தான் வந்தது, உடனே திரும்பியது; நீ இறங்க நான் ஏற, பேச நேரமே இல்லை. நீ என் கையைப் பிடித்தாய். ஐஸ் மாதிரி இருந்தது உன் கை. 'பயப்படாதே' என்று சொல்ல வாயெடுத்தேன், எனக்கே பல் தந்தி அடித்தது. அதனால்தான் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு ஏறிக்கொண்டேன்.

நாளைக்கு ஏழாம் தேதி. வாலு பல்லைக் காட்டினாள். அப்பா எப்போது வருவார் என்றாள். நாளைக்கு மதியத்துக்குள் தெரிந்துவிடும் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். என்ன தெரியும் என்று துளைத்து எடுக்கிறாள், அப்படியே உன்னைப் போல.

அங்கே இருந்தபோது சத்தம் கேட்டுப் பயந்தேன். இங்கே ஒரு சத்தமும் இல்லை, இது அதைவிட மோசம். இத்தனை நாளாக நீ இந்தச் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் இப்படித்தான் உட்கார்ந்திருந்தாயா?

உனக்குச் சரியாகப் படவில்லை என்றால் சொல்லிவிடு. இன்ஜினியர் முகத்தைப் பார்க்காதே, மேஸ்திரி முகத்தைப் பார்க்காதே. அவன் முகத்தையும் பார்க்காதே.

அத்தை.

ஏப்ரல் 7, செவ்வாய்

அத்தைக்கு,

அவர் உள்ளே இருக்கிறார். முதல் நாள் என்பதால் அரை ஷிப்ட்தான். மதியம் வெளியே வந்துவிட வேண்டும். லாரிக்காரர் அதுவரை நிற்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். கேன்டீன் வாசலில் உட்கார்ந்து, மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, அதன் ஓரத்தில் தாளை வைத்து எழுதுகிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன். மூன்று நாளும் கம்பியோடு உள்ளேதான் இருந்தேன். முதல் தடவை உள்ளே போனபோது, இந்த மலை முழுக்க என் தலைக்கு மேலே இருக்கிறது என்று தோன்றி, அப்படியே நின்றுவிட்டேன். கம்பி கையைப் பிடித்து, "கீழ பாத்து நடங்க அக்கா, மேல பாத்தா எனக்கும் இப்படித்தான் ஆகும்" என்றான்.

ஒவ்வொரு கருவியிலும் அவன் ஒரு திருகைத் தன் இஷ்டத்துக்குத் திருப்பி, அதன் தண்டை உள்ளேயோ வெளியேயோ நகர்த்துவான். எந்தப் பக்கம், எவ்வளவு என்று என்னிடம் சொல்ல மாட்டான், உள்ளங்கையில் எழுதிக்கொள்வான். என் நிரல் என்ன படிக்கிறது என்று நான் சத்தமாகச் சொல்ல வேண்டும். பிறகு அவன் கையைத் திறப்பான். உள்ளே தள்ளினால் மைனஸ், நான் மைனஸ் என்றேன். வெளியே இழுத்தால் பிளஸ், பிளஸ் என்றேன். ஒன்றன் பின் ஒன்றாக எல்லாம் சரியாக வந்தன. எனக்குக் கொஞ்சம் தைரியம்கூட வந்துவிட்டது.

வளைவைத் தாண்டி ஒரு கருவி. நான் பிளஸ் என்றேன். அவன் கையைத் திறந்தான். மைனஸ்.

 மறுபடி செய்தோம். மறுபடியும் அதேதான். நிரலில் இன்னும் ஏதோ இருக்கிறது, எல்லாம் போச்சு என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கம்பி விளக்கைப் பிடித்துக் கருவியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். பிறகு தலையில் அடித்துக்கொண்டான். "அக்கா, இதைத் தலைகீழா மாட்டியிருக்கேன். உங்க பேப்பர் வந்த கடுப்புல, வளைவுக் கருவியோட சேத்து மாத்துன கருவி இது." சுவர் உள்ளே வந்தால் அது வெளியே போகிறது என்று சொல்லியிருக்கும். என் மேசையிலிருந்து எந்த நாளும் எனக்குத் தெரிந்திருக்காது.

திருப்பி மாட்டினோம். மறுபடி முதல் கருவியிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் பார்த்தோம். இரும்பு நாடாவாலும் அளந்தோம். நாடாவும் கருவியும் நிரலும் ஒன்றையே சொல்கின்றன.

இன்று விடியும்போது இன்ஜினியர், மேஸ்திரி, ஆட்கள் எல்லோரும் என்னைச் சுற்றி நின்றார்கள். உங்கள் கடிதம் அப்போதுதான் வந்தது. நீங்கள் சொன்னபடி யார் முகத்தையும் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னேன். "சுவர் நிக்கும்னு நான் சொல்ல முடியாது. அசைஞ்சா அந்த நிமிஷமே தெரியும். அதை மட்டும்தான் சொல்ல முடியும்."  மேஸ்திரிதான், "இதுவரைக்கும் அதையே யாரும் சொன்னதில்லம்மா" என்றார்.

உங்கள் மகன் என் முன்னால் வந்து நின்றார். "போகட்டுமா?" என்றார். அத்தை, அந்த ஒரு சொல்லுக்குப் பதில் சொல்வதைவிட அந்த மலையை நான் தூக்கிவிடலாம். வேலையை விடுங்கள் என்று கத்தினவள்தானே நான்?  நானே கட்டின டப்பாவை அவர் கையில் கொடுத்தேன்.

இப்போது பதிவுகள் வருகின்றன. மைனஸ் ஒன்று. சைபர். சைபர். மைனஸ் ஒன்று. புது இரும்பு வளைவுகள் இறுகுகிறபோது வருகிற சாதாரண அசைவு என்கிறார் இன்ஜினியர். ஒவ்வொரு மைனஸுக்கும் நான் பாதி எழுந்து உட்காருகிறேன். காய் நறுக்குகிற பெண்கள் என்னையே பார்க்கிறார்கள். சைபர். மைனஸ் இரண்டு. சைபர்.

சங்கு ஊதிவிட்டது. வருகிறார்கள். எல்லோர் மேலும் ஒரே தூசி, ஒரே ஹெல்மெட், யார் யாரென்றே தெரியவில்லை. மேஸ்திரி வந்துவிட்டார். கம்பி வந்துவிட்டான். இன்னும் ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். இவர் இல்லை. இவரும் இல்லை. இருங்கள் அத்தை.

வந்துவிட்டார். டப்பாவைத் திறந்து காட்டுகிறார், பாதி அப்படியே இருக்கிறது. "எங்கம்மா கைப்பக்குவத்துக்கு வராது" என்கிறார்.

லாரிக்காரர் தாளைப் பிடுங்குகிறார்.